ஊசித்துளை

பொத்தானை அமுக்கினேன்.
உள்ளே ஏதோ எழுந்து, இரண்டடி நடந்து,
கதவுவரை வந்து
திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுபடி.
க்ரீச். டக்.
ஒன்றுமில்லை.

ஜெலுத்தோங், பதினோராவது மாடி, இரவு பத்தே முக்கால்.
நாளைக் காலை ஒன்பதுக்கு எலும்பு டாக்டர்.
சிடி கட்டாயம் என்று அட்டையில்
சிவப்பில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.
மறக்கவில்லை.
பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

மகன் ஜொகூருக்குப் போகும்போது விட்டுப்போன கணினி.
தட்டு நீண்டது. என் கழுத்தை அதில் வைத்தேன்.
விழுங்கிக்கொண்டது.

திரையில் சாம்பல் நிறத்தில்
கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள்போல எலும்புகள்.
சி5. சி6.
இரண்டுக்கும் நடுவே ஏதோ பிதுங்கி நின்றது.
எல்லோருக்கும் அப்படித்தானோ என்னவோ,
எனக்கென்ன தெரியும்.

எனக்குத் தெரிந்தது மோட்டார்.
பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடம்
கட்டைவிரல் நகமளவு மோட்டார்களை
நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து
பாஸ், பாஸ், ரிஜெக்ட், பாஸ் என்று தள்ளியவள்.
ஒரு ஷிப்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு.
மோட்டாரை எண்ணினார்கள்.
குனிந்ததை யாரும் எண்ணவில்லை.

ஹஸ்னாவுக்கு போன் அடித்தேன்.
பக்கத்து நாற்காலியில் குனிந்தவள்,
இப்போது கொம்தாரில் புருஷனோடு ரிப்பேர் கடை.

"படத்தை மூடினாயா? படித்துக்கொண்டிருந்தால் விடாது."
மூடினேன். கழுத்து போனது. தட்டு வரவில்லை.
"அணைத்துப் போடு."
அணைத்துப் போட்டேன். அதே இரண்டடி, அதே டக்.
"உள்ளே ரப்பர் தொய்ந்திருக்கும் லா. வயசாகிவிட்டது."
எதற்கு என்று கேட்கவில்லை.
"சுவிட்சைப் பிடுங்கு. முகப்பில் ஒரு ஓட்டை இருக்கும்,
ஊசி போகிற அளவு. நேராகக் குத்து.
பெலான்-பெலான்."

இருந்தது.
இத்தனை வருடம் துடைத்தும் கண்ணில் படாத ஓட்டை.

தையல் ஊசி எட்டவில்லை.
பல்குச்சி முனை உள்ளேயே முறியப் பார்த்தது.
ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் அட்டையையும்
சேர்த்துப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றி
நிமிர்த்தினேன். ஒவ்வொரு வளைவிலும்
மாட்டேன் என்றது.

தரையில் மண்டியிட்டுத் தலையைச் சாய்த்தேன்.
தோளிலிருந்து கட்டைவிரல் வரை
சுரீரென்று மின்சாரம்.
சுவிட்சைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன்.

அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன்.
மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

பிறகு குத்தினேன்.
எதிலோ முட்டியது. இன்னும் கொஞ்சம்.
முட்டியது நகர்ந்து கொடுத்தது.
தட்டு ஒரு அரிசி அகலம் வெளியே வந்து நின்றது.
மீதியை நகத்தால் இழுத்தேன்.

வட்டு சூடாக இருந்தது.
தமயந்தி ஏ/பி சின்னையா என்று
மார்க்கர் மையில் யாரோ அவசரமாக எழுதியது.
குழல்விளக்குக்கு நேரே பிடித்து
இப்படி ஒரு சாய்ப்பு, அப்படி ஒரு சாய்ப்பு.
கை தானாகச் செய்தது.
கீறல் இல்லை. பாஸ்.

இப்போது தட்டு உள்ளே போகமாட்டேன் என்கிறது.
நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர்
எங்கோ எழுந்து போய்விட்ட மாதிரி
நீட்டியபடியே இருக்கிறது.
இருக்கட்டும். விளக்கை அணைத்தேன்.
ஜன்னலில் பாலத்து விளக்குகள் மட்டும்.

காலையில் முகப்பில் இருந்த தாதி
கடிதத்தை ஒரு கையிலும் அட்டையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு,
"இதுல கிளிப் இருந்திச்சே, ஆன்ட்டி?"

பையைத் துழாவி
அந்த நேரான கம்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
உட்காருங்க, கூப்பிடுவாங்க என்றாள்.